கேள்வி மேடை: ஹோண்டுராஸின் கோல் வேட்டைக்காரர்கள்

கே: ஹோண்டுராஸ் கால்பந்து வீரர் டேவிட் சுவாசோ, இத்தாலியின் இன்டர் மிலான் கிளப்புக்குப் போனதில் ஏதோ குழப்பம் என்கிறார்களே?

ப: குழப்பமேதான். ஹோண்டுராஸின் சான் பெத்ரோ சூலாவில் 1979-ல் பிறந்த சுவாசோ, அந்நாட்டின் ஒலிம்பியா அணியிலிருந்து 1999-ல் இத்தாலியின் காலியாரி கிளப்புக்கு வந்தார். அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் விலகவில்லை. இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆவில் 2005-06-ல் 22 கோல். 2007-ல் வந்தது சிக்கல்: அவர் இன்டருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், காலியாரியோ இன்டரின் நகரப் போட்டியாளரான ஏ.சி. மிலானோடு பேரத்தை முடித்துவிட்டது. கிளப்புகள் கைகுலுக்கினால் மட்டும் போதாதே, வீரரும் கையெழுத்துப் போட வேண்டும். மிலான் ஒதுங்கியது.

இன்டரில் பட்டம் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. காலியாரியில் எதிரணி ஏறி வரும், பின்னால் முப்பது நாற்பது மீட்டர் வெற்றிடம் இருக்கும். ஒரு நீளப் பந்து போதும், ஓடிப் பிடித்துவிடுவார். இன்டருக்கு எதிராக எல்லாரும் தங்கள் கோலுக்கு முன்னால் பெனால்டி பெட்டிக்குள்ளேயே அடைந்து நிற்பார்கள். ஓட இடமில்லாத இடத்தில் வேகத்துக்கு என்ன வேலை? போதாததற்கு அதே இடத்துக்கு இப்ராகிமோவிச், கிரெஸ்போ, க்ரூஸ் என்று மற்ற முன்கள வீரர்களும் வரிசையில். பிறகு காயங்கள். 2010 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தையே தவறவிட்டார். ஹோண்டுராஸ் அந்தத் தொடரில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

கே: அப்புறம் யார்தான் அடித்தார்கள்?

ப: கார்லோ காஸ்ட்லி. 2014 உலகக் கோப்பை, பிரேசிலின் குரிச்சிபா நகரம், ஈக்வடாருக்கு எதிராக 31-வது நிமிடம். 1982-க்குப் பிறகு உலகக் கோப்பையில் ஹோண்டுராஸின் முதல் கோல். ஆட்டம் என்னவோ 1-2 தோல்வி. அந்த 1982 அணியில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர் இவருடைய அப்பா!