பி0171 வந்தால் முதலில் ஃப்யூயல் ட்ரிம்மைப் பாருங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 70,000 கி.மீ. ஓடியிருக்கிறது. செக் என்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் பி0171. ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சரை மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடி எரிகிறது. சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஏறி இறங்குகிறது, மெல்லிய விசில் சத்தமும் கேட்கிறது. நாகர்கோவில் ரோட்டில் வேகமாகப் போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. எண்ணெய் தடவும் காட்டன் ஏர் ஃபில்டர் போட்டிருக்கிறேன். அதனாலா, எத்தனால் 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோலாலா?”

இரண்டும் முதல் சந்தேகம் இல்லை. உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது.

பி0171 என்றால் கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது. சுத்தமான பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று, 1 பங்கு பெட்ரோல் என்பது கணக்கு. ஆக்சிஜன் சென்சர் சொல்வதை வைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அந்தத் திருத்தத்துக்குப் பெயர்தான் ஃப்யூயல் ட்ரிம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பெரிதாகக் கவலையில்லை. இருபது, இருபத்தைந்து சதவீதம் கூட்டியும் போதவில்லை என்றால்தான் கோட் விழும். உங்கள் பழைய சென்சர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஸ்கேனரில் ஷார்ட் டேர்ம் (அந்தந்த நொடித் திருத்தம்), லாங் டேர்ம் (நாள்பட நிலைத்த திருத்தம்) ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். முதலில் ஐடிலில். அப்புறம் 2,500 ஆர்.பி.எம்.மில் அரை நிமிடம் நிறுத்தி. பிறகு ரோட்டில், ஆக்சிலரேட்டரை அழுத்தி லோடு கொடுத்து.

ஐடிலில் அதிகமாக இருந்து, 2,500-இல் நன்றாகக் குறைந்தால் எங்கோ ஏர் லீக், அதாவது சென்சர் அளக்காத காற்று ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. ஒரு டம்ளர் தண்ணீரைச் செம்புப் பாலில் ஊற்றினால் உடனே தெரியும், அண்டாப் பாலில் ஊற்றினால் தெரியாது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரிகிறது. மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர், அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் முதல் வகையைச் சேர்ந்தவை.

டர்போ என்ஜினில் ஐடில் விசிலோடு லீன் கோட் வந்தால் நான் முதலில் பார்ப்பது பி.சி.வி. வால்வு; என்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி காற்றுப் பாதைக்கு அனுப்புவது அதுதான். அதற்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) சூட்டில் கிழியும். என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்; பெல்ட் பக்கம் கை போகாமல் கவனம். மூடியை யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்து, திறந்ததும் விசில் நின்றால் டயஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

அது நன்றாக இருந்தால் எலியைச் சந்தேகியுங்கள். நம் பக்கம் வயலை ஒட்டிக் கார் நிறுத்துகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு காரில், பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸில் அடிப்பக்கம் மட்டும் கடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. ஆகவே கண்ணை நம்பாமல், காற்றுப் பாதைக்குள் புகை செலுத்தும் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், புகை வரும் இடம்தான் ஓட்டை. சூடான டர்போ பக்கத்தில் கார்புரேட்டர் கிளீனர் அடித்துத் தேட விடாதீர்கள்; தீப்பிடிக்கும்.

டர்போவுக்குப் பின்னால் உள்ள பைப்பில் ஓட்டை என்றால் குணம் இன்னொரு மாதிரி. பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது அளந்த காற்று வெளியே போய்விடுவதால் கலவை ரிச்சாகிவிடும், அதாவது காற்றுக்கு மேல் பெட்ரோல் அதிகமாகிவிடும். ஐடிலில் அதே ஓட்டை வழியாக அளக்காத காற்று உள்ளே வரலாம். பிக்கப்பும் குறைந்திருந்தால் அந்த கிளாம்ப்களையும் பாருங்கள்.

உங்கள் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் ஏர்ஃப்ளோ சென்சரில் படியும். வள்ளியூர், காவல்கிணறு பக்கம் ஆனி ஆடிக் காற்றில் பறக்கிற தூசியும் அதில் ஒட்டினால் சென்சர் காற்றைக் குறைத்துக் காட்டும். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், துணி, விரல் படக் கூடாது. இ20-ஐப் பொறுத்தவரை, எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் இ10-ஐ விட ட்ரிம் நாலைந்து சதவீதம் ஏறலாம். அது மட்டுமே கோட் போடாது. ஆனால் சின்ன லீக் உள்ள காரை எல்லைக்கு மேல் தள்ளிவிடும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். லோடிலும் ட்ரிம் ஏறுகிறது என்று தெரிந்தால் அதற்கப்புறம் அழுத்தி ஓட்டாதீர்கள். பூஸ்டில் கலவை லீனானால் என்ஜின் நாக் அடித்து (கலவை தானாக வெடித்துத் தட்டி) பிஸ்டனே உருகிப்போகும். டயஃப்ரம் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பழுது பார்த்ததும் ஸ்கேனரில் பி0171 கோட்-ஐ அழித்துவிட்டு வள்ளியூர் வரை நிதானமாகப் போய் வாருங்கள். வீட்டு வாசலில் ஐடிலில் நிறுத்தி ட்ரிம்மைப் பாருங்கள். ஐந்தாறு சதவீதத்துக்குள் நின்றால் லீக் அடைபட்டுவிட்டது.