வாசகர் கேள்வி-பதில்: லீவு ஜூன்ல, காத்து ஜனவரியில

கேள்வி: மாமா மலேசியாவில, லங்காவித் தீவில ஒரு 38 அடி பாய்ப்படகு வாங்கியிருக்கிறார். அவரும் நானும் அவற்ற கூட்டாளி ஒருத்தரும் அதைக் காலிக்கு ஓட்டிக்கொண்டு வரப் போறம். எனக்கு வேலையில லீவு ஜூன்ல ரெண்டு கிழமைதான் தருவாங்க. எத்தனை நாள் பிடிக்கும், என்னென்ன கொண்டு போகணும்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, சாமான் லிஸ்ட் பிறகு, முதல்ல அந்த ஜூனை மாத்துங்கோ. லங்காவியில இருந்து காலி கிட்டத்தட்ட நேர் மேற்கு, 1,200 கடல் மைல் அளவில வரும். ஜூன்ல அந்தக் கடல் முழுக்க சோழகம் எண்ட தென்மேற்குக் காத்து, நீங்க போற திசையில இருந்தே முகத்துக்கு அடிக்கும், இலங்கைக்குத் தெற்கால ஓடுற நீரோட்டமும் அந்தக் காலத்தில மேற்கில இருந்து கிழக்கதான் ஓடும், அப்ப காத்தும் தண்ணியும் சேர்ந்து உங்களைப் பின்னுக்குத் தள்ள நீங்க வளைஞ்சு வளைஞ்சு ஏறி வரணும், தூரமும் கூடும், படகும் ஆக்களும் களைச்சுப் போகும். மலாக்கா நீரிணையில அந்த மாசங்கள்ல 'சுமத்ரா' எண்டு சொல்ற இடிமழைக் காத்து வேற ராவிலயும் விடியப்புறமும் திடீரெண்டு வரும். அதே வழியை ஜனவரி, பெப்ரவரியில வாடை எண்ட வடகிழக்குக் காத்தோட வந்து பாருங்கோ, காத்து வலப்பக்கப் பின்னால இருந்து வரும், நீரோட்டமும் மேற்க தள்ளும். நவம்பர், டிசம்பர்ல வாடை தொடங்கிடும்தான், ஆனா வங்காள விரிகுடாவில சூறாவளி உருவாகிற காலம் அது, அவசரப்பட வேண்டாம்.

லீவு கேக்கிற விதமும் மாறணும். ரெண்டு கிழமை காணாது, ஒரு மாசம் கேளுங்கோ. இத்தனையாம் திகதி ஒஃபிஸ்ல நிக்கணும் எண்டு ஒருத்தர் படகில இருந்தா, அவருக்காக மத்த ரெண்டு பேரும் கூடாத வானிலையில கயிறு அவிழ்க்கிற நிலைமை வரும், கடல்ல நடக்கிற கன பிரச்சினை இப்பிடித் துறைமுகத்திலயேதான் தொடங்குது. லீவு கிடைக்கவே இல்லையெண்டா லங்காவியில இருந்து புக்கெட் வரைக்கும் ஓடிட்டு பிளேன்ல திரும்புங்கோ, மாமா வேற ஆளோட வரட்டும். அந்தத் துண்டு எப்பிடியும் ஓடத்தான் வேணும், ஏனெண்டா அது மாமாவுக்கும் புதுப் படகுக்கும் ஒரு ராப் பரீட்சை. தண்ணி எங்க கசியுது, எந்தக் கயிறு எதில உரசுது, பற்றரி ராமுழுக்க லைற்றுக்கும் ஓட்டோபைலட்டுக்கும் தாங்குதா எண்டெல்லாம் கரைக்குக் கிட்ட இருக்கேக்கையே தெரிஞ்சிடும்.

நாள் கணக்கு லேசு. 38 அடிப் படகு சராசரி 5 நொட், அதாவது மணிக்கு 5 கடல் மைல், ஓடினா ஒரு நாளைக்கு 120 கடல் மைல், அப்ப பத்து நாள். தண்ணியையும் சாப்பாட்டையும் அதைப் போல ரெண்டு மடங்கு வையுங்கோ. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர், மூண்டு பேருக்கு 20 நாளைக்கு 240 லீற்றர், அதில ஒரு பங்கு கட்டாயம் கான்களில இருக்கட்டும், டாங்கில உப்புத்தண்ணி கலந்தாலும் குடிக்க ஏதும் மிஞ்சும். சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, மாசி, கருவாடு, ரின் மீன், வெங்காயம், பூசணி, தேசிக்காய். முட்டை வாங்கினா பிரிஜ்ஜில வைக்காத முட்டையாப் பாத்து வாங்குங்கோ, குளிருக்குள்ள இருந்து வெளிய எடுத்தது கெதியாப் பழுதாகும். முதல் மூண்டு நாள் ஒருத்தரும் அடுப்படியில நிக்க விரும்ப மாட்டினம், அதுக்கு முதலே சமைச்சு வையுங்கோ. தலைச்சுத்து மருந்தைச் சத்தி வந்த பிறகு போட்டு வேலையில்ல, புறப்படுறதுக்கு முதலே போடணும்.

மூண்டு பேரெண்டா மூண்டு மணித்தியாலம் காவல், ஆறு மணித்தியாலம் ஓய்வு. ராவில தனிய நிக்கிறவர் பாதுகாப்புப் பட்டியைப் படகில கொழுவாம இருக்கவே கூடாது, முன்பக்கம் போகணுமெண்டா மத்தவரை எழுப்பித்தான் போகணும், இதில தயவுதாட்சண்யம் வேண்டாம். பின்காத்தில போகேக்க பெரிய பாயைத் தாங்குற பூம் எண்ட தடி தற்செயலா மத்தப் பக்கம் வீசினா மண்டை உடையும், அதை முன்னுக்கு இழுத்துக் கட்டி வையுங்கோ. பொழுதுபட முதல் பாயைக் குறைச்சிடுங்கோ, ராவில இருட்டுக்க குறைக்கிறது வேற கதை. டீசல் டாங்க் அடியில கிடக்கிற கசடு அலையில கலங்கி ஃபில்டரை அடைக்கும், அதால ஸ்பெயார் ஃபில்டர் கூடவே வேணும்.

பயணத்தில ரெண்டு இடம் நித்திரை இல்லாத இடம். ஒண்டு சுமத்ராவுக்கும் பெரிய நிக்கோபாருக்கும் இடையில, மத்தது இலங்கையின்ட தென்முனையான தெவிநுவரைக்குத் தெற்கால. பெரிய கொள்கலன் கப்பல்கள் கனக்க ரெண்டு இடத்தாலயும்தான் போகுது. கப்பல்கள் தங்கட இடத்தைச் சொல்லி அனுப்புற சிக்னலைப் பிடிக்கிற ஏஐஎஸ் கருவி கப்பலைக் காட்டும், ஆனா தெற்குக் கரையில வலை விட்டுக் கிடக்கிற மீன்பிடிப் படகு எல்லாத்தையும் காட்டாது, கண்ணாலதான் பாக்கணும். காலிக்கு ராவில வந்து சேர்ந்தா உள்ள போக அவசரப்படாம வெளிய படகை நிறுத்திப் பிடிச்சு விடியும் வரை நில்லுங்கோ. படகை இங்கயே வைச்சிருக்கிற யோசனை எண்டா சுங்க வரி எவ்வளவு எண்டு கப்பல் ஏஜென்ட் ஒருத்தரிட்ட முதலே எழுத்தில வாங்குங்கோ.

கேள்வி: வல்வெட்டித்துறையில செய்த பாய்க்கப்பல் அமெரிக்காவுக்குப் போனது எண்டு தாத்தா சொல்லுவார். உண்மையா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: முழு உண்மை. பேர் அன்னபூரணி. வில்லியம் ரொபின்சன் எண்ட அமெரிக்கக் கடலோடி அதை வாங்கி 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' எண்டு பேர் மாத்தினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிக்கொண்டு போய், சுயஸ் கால்வாய் தாண்டி, 1938இல மசாசூசெற்ஸ் மாநிலத்து குளொஸ்டர் துறைமுகத்தில கட்டினாங்க. எங்கட ஆக்கள் வாடையும் சோழகமும் பாத்து பர்மாவுக்கு ஓடிப் பழகினவங்க, அந்தப் பழக்கம்தான் அத்லாந்திக்கையும் தாண்ட வைச்சது எண்டு நான் நம்புறன். இண்டைக்குத் தம்பிமார் பாய்ப்படகு பழகணுமெண்டா பொல்கொட வாவியில பழகலாம், வெக்கப்படாமப் போய்க் கேளுங்கோ.

கேள்வி: கணவர் நண்பரின்ட பாய்ப்படகில காலியில இருந்து மாலைதீவுக்குப் போறார். நாலு நாளைக்குப் போன் வேலை செய்யாதாம். வீட்டில நான் என்ன செய்யிறது?
- வாசகி, தெஹிவளை

பதில்: தங்கச்சி, அவர் போக முதல் ஒரு பேப்பரில எழுதி வாங்குங்கோ: படகின்ட பேர், நிறம், றேடியோ அழைப்புக் குறி, எத்தனை பேர், எந்த வழி, எப்ப மாலேயில சேருவினம். அதோட ஒரு திகதியும் நேரமும், அது தாண்டினா நீங்க கொழும்பில இருக்கிற கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்துக்கு அறிவிக்கணும் எண்டு. அந்த நம்பரையும் அவரே தேடி எழுதித் தரட்டும். நாலு நாள் எண்டா ஆறு நாள் எண்டு வையுங்கோ, காத்து விழுந்தா படகு நகராது. சற்றலைட்டில மெசேஜ் அனுப்புற கருவி இருந்தாலும் ஒரு நாள் மெசேஜ் வரயில்லை எண்டு பதறாதீங்கோ, பற்றரி இறங்கினாலே அது நிண்டிடும்.

இபேர்ப் எண்ட ஆபத்துக் கருவி படகில இருக்கா எண்டு கேளுங்கோ, இல்லையெண்டா போக விடாதீங்கோ, இதை நான் யோசிச்சுத்தான் சொல்றன். அது 406 மெகாஹேர்ட்ஸ்ல சற்றலைட்டுக்குச் சிக்னல் அனுப்பும், பதிவு செய்த நாட்டு மீட்பு நிலையம் அது யாருடையது எண்டு பாத்து அவசரத் தொடர்புக்குக் குடுத்த நம்பருக்கு எடுக்கும். அந்தப் பதிவில உங்கட நம்பரும் உங்கட அண்ணா ஆரும் இருந்தா அவற்ற நம்பரும் இருக்கா எண்டு கண்ணால பாருங்கோ, கன பேர் பழைய சொந்தக்காரற்ற நம்பரோடதான் ஓடுறாங்க. அந்த நாட்கள்ல ராவில போனைச் சைலன்ட்ல போடாதீங்கோ, தெரியாத வெளிநாட்டு நம்பர் எண்டாலும் எடுங்கோ.