பிக்கப் வண்டிக்கு வேறு மாடலின் பெரிய பிரேக்கை வாங்கி மாட்டலாமா?

கேள்வி: "லோடு ஏற்றினால் என் பிக்கப்பில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. அதே கம்பெனியின் பெரிய வண்டியிலிருந்து டிஸ்க்கும் காலிப்பரும் எடுத்துப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?"

மாட்டலாம். (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் தட்டு, காலிப்பர் என்பது அதைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி.) லேத்தில் கொடுத்து ஒரு பிராக்கெட் செய்துவிட்டால் எதையும் எதிலும் மாட்டிவிடலாம். மாட்டிய பிறகு வண்டி முன்பைவிட நன்றாக நிற்குமா என்பதுதான் விஷயம்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. மீன் லோடு ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காய்கறி வண்டி என்றால் உப்பைப் பற்றிச் சொல்வதை மட்டும் தள்ளிவிட்டு மற்றதைப் படியுங்கள்.

நான் வாலிநோக்கம் பக்கம். இறால், கணவாய், சில சமயம் சங்காயம் (கழிவு மீன்) என்று கிடைப்பதை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் ஓட்டுகிறேன். மெக்கானிக்கும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "நீ என்ன படிச்சே" என்று யாராவது கிளம்பி வருவார். ஆனால் நீங்கள் செய்யலாமா என்று கேட்கிற வேலையை ஒருவர் முழுசாகச் செய்து வைத்திருந்த வண்டியை நான் விலைக்கு வாங்கினேன். வாங்கி, எல்லாவற்றையும் கழற்றிக் கம்பெனி விட்டபடி ஆக்கினேன். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எந்த மாடலின் சாமான் அதில் இருந்தது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே ஒருவர் காயலான் கடைக்குப் போய் அதையே தேடுவார்.

விற்றவர் பெருமையாகத்தான் காட்டினார். "முன்னாடி டிஸ்க்கு பெருசு, காலிப்பர் பெருசு, மாஸ்டர் சிலிண்டரும் பெருசு. ஒரே மிதில நிக்கும்ணே" என்றார். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுவதுதான் மாஸ்டர் சிலிண்டர். ஓட்டிப் பார்த்தேன். முதுகைச் சீட்டில் ஊன்றிக்கொண்டு மிதித்தால்தான் வண்டிக்கு நிற்கிற எண்ணமே வருகிறது. அதைக் காட்டித்தான் விலையை இறக்கினேன். இன்ஜின் சுத்தமாக இருந்தது, சேசிஸில் பெரிய துரு இல்லை. பிரேக்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்தேதான் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில், சாயல்குடி தாண்டி, சீமைக்கருவேல மரங்களுக்குள்ளிருந்து ஓர் ஆட்டுக்கூட்டம் ரோட்டில் இறங்கியது. மெதுவாக வந்ததால் நின்றது. ஆடு மேய்த்த பையன் பம்பருக்கும் கடைசி ஆட்டுக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, "பிரேக்கு இருக்காண்ணே வண்டியில?" என்று கேட்டான்.

பெரியபட்டினத்தில் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் விட்டேன். நான் முன் சக்கரத்தைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்குப் பின்பக்கம் போய்க் குனிந்து, "கம்பெனில எத்தனை பட்டை தம்பி? இதுல கூட்டியிருக்காங்களே" என்றார். ஸ்பிரிங் பட்டையைச் சொல்கிறார். அப்புறம் கையை உள்ளே விட்டு ஒரு கம்பியை ஆட்டிக் காட்டினார். ஒரு முனை துருப்பிடித்து ஒடிந்திருந்தது. ஒடிந்ததைப் பைண்டிங் கம்பியால் சேசிஸோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

அது எல்.எஸ்.பி.வி. என்கிற வால்வின் கம்பி. நிறைய பிக்கப்புகளில் இருக்கும். பல டிரைவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வால்வு சேசிஸில் இருக்கும், கம்பி பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும். லோடு ஏறினால் பாடி தாழும், கம்பி திரும்பும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். எம்ப்டி வண்டியில் பாடி மேலே நிற்கும், வால்வு பின்பக்கத்துக்குக் குறைத்துக் கொடுக்கும். இல்லாவிட்டால் பாரம் இல்லாத பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, மழை நேரத்தில் வண்டி வால் வீசிவிடும்.

இப்போது நம் ஆட்கள் செய்வதைப் பாருங்கள். பாரம் தாங்கட்டும் என்று ஒரு பட்டையைக் கூட்டுகிறோம். லோடு ஏறியும் பாடி தாழ்வதில்லை. வால்வு எம்ப்டி என்றே நினைக்கிறது. பின்னால் அத்தனை பாரம் உட்கார்ந்திருக்க, பின் பிரேக் அரை வேலைதான் பார்க்கிறது. காக்கா பின் டிரம்மைக் கழற்றினார். டிரம்மில் உரசிப் பிடிக்கிற லைனிங் தேயாமல் அப்படியே தடிப்பாக இருந்தது. முன் பேடோ தகடு தெரியத் தேய்ந்திருந்தது.

முந்தைய ஓனர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சங்காயம் அதிகம் ஏற்றப் பட்டையைக் கூட்டியிருக்கிறார். பின் பிரேக் சோர்ந்ததால் முன் பிரேக் ஒண்டியாக உழைத்திருக்கிறது. பேடு சீக்கிரம் தேய்ந்ததும் "முன் பிரேக் பத்தலை" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரிய காலிப்பர் வந்தது. பெரிய பிஸ்டனைத் தள்ள ஆயில் அதிகம் வேண்டும், அதனால் பெடல் ஆழமாக இறங்கியது. அதைச் சரிசெய்யப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டார்கள்.

இந்த இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது. ஒரு பேச்சுக்கு 22 மி.மீ. மாஸ்டரை எடுத்துவிட்டு 25 மி.மீ. போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பிஸ்டனின் பரப்பு 29 சதவீதம் கூடிவிடும். அதே கால் பலத்தில் மிதித்தால் லைனில் அழுத்தம் சுமார் 23 சதவீதம் குறையும். முன்னால் காலிப்பர் பெரியது என்பதால் அந்தக் குறை அங்கே ஈடாகிவிடும். பின்னால் டிரம்முக்குள் லைனிங்கைத் தள்ளுவது பழைய வீல் சிலிண்டர்தான். ஏற்கெனவே சோர்ந்திருந்த பின் பிரேக் இன்னும் சோர்ந்துபோனது. செலவெல்லாம் போக, முன்னால் கம்பெனி கொடுத்த பிடி, பின்னால் அதைவிடக் குறைந்த பிடி.

முன்னாலும் அந்தப் பிடி முழுசாக இல்லை. டிஸ்க்கின் உள் ஓரத்தில் விரல் அகலத்துக்குத் துரு வளையம் கலையாமல் இருந்தது. பேடு அந்த இடத்தைத் தொடவே இல்லை என்று அர்த்தம். காலிப்பரைத் தாங்கிய பிராக்கெட் கேஸ் கட்டிங்கில் வெட்டிய தகடு, மட்டம் சரியில்லாமல் வெளியே தள்ளி நின்றது. காக்கா அதை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் திருப்பிப் பார்த்தார். போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில், வெல்டிங் முடிகிற இடத்தில், மயிரிழை வெடிப்பு. போதாக்குறைக்கு, மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் (வெற்றிடம்) ஹோஸும் வெடித்திருந்தது. டீசல் வண்டியில் பூஸ்டருக்கான வேக்கத்தைத் தனிப் பம்புதான் கொடுக்கிறது, பல வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும். ஹோஸ் கசிந்தால் பூஸ்டர் உதவாது, பெடல் கல்லாகிவிடும்.

எல்லாவற்றையும் கழற்றினோம். அந்த மாடலுக்கே உரிய காலிப்பர், டிஸ்க், மாஸ்டர் சிலிண்டர், புது ஸ்டீல் பைப், புது வால்வு எல்லாம் போட்டுக் கம்பியைக் கம்பெனி சொன்ன அளவில் வைத்தார். கூட்டியிருந்த பட்டையையும் எடுத்தாயிற்று. ஆயில் மாற்றி நான்கு சக்கரத்துப் பிரேக் லைனிலும் ஏர் எடுத்தபின் காக்கா என்னை ஓட்டச் சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடியே வந்தார். பிரேக் போட்டபோது டீ கொட்டியது. அவ்வளவுதான் டெஸ்ட்.

"நான் மாத்திப் போட்டு வருஷக்கணக்கா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலை" என்று எழுதப்போகிறவருக்கு: சரி, ஓட்டுங்கள். தெரிந்து செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. முன், பின், மாஸ்டர், பூஸ்டர், வால்வு எல்லாவற்றையும் ஒரே செட்டாகக் கணக்குப் போட்டு மாற்றுகிறவர் வேறு, காயலான் கடையில் கிடைத்த காலிப்பரை மாட்டுகிறவர் வேறு. எம்ப்டி வண்டியை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்றால், அந்த நிலையில் உங்கள் வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிதான். பெரிய டிஸ்க் போட்டாலும் எம்ப்டியில் அதைவிடச் சீக்கிரம் நிற்காது. பெரிய டிஸ்க்கின் நிஜமான லாபம் சூட்டைத் தாங்குவது. கேரளத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகவோ ஆரியங்காவு வழியாகவோ மலை இறங்குகிறவர் அதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பேன். நம் ராமநாதபுரக் கரையில் மலை எங்கே இருக்கிறது? ஏற்றம் என்றால் பாம்பன் ரோட்டுப் பாலம் ஒன்றுதான். அங்கேயும் பிரேக் எதற்கு வேண்டியிருக்கிறது என்றால், பாலத்து நடுவில் காரை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தோடு போட்டோ எடுக்கிற கூட்டத்துக்காக. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், அவர்கள் இன்னொரு போட்டோ என்பார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனியின் அசல் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் மாற்றும் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேறு பாகங்களைப் பொருத்துவதும் அதில் அடங்கும். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன்பின் வருடா வருடம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அங்கே கண்டுபிடிக்கிறார்களோ இல்லையோ, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கட்டாயம் குனிந்து பார்ப்பார்.

உப்புக்கு வருவோம். நம் பக்கம் "பிரேக் பிடிக்கலை" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் உப்புதான் காரணம் என்கிறார் காக்கா. பெட்டியிலிருந்து வடிகிற மீன் தண்ணி நேராகப் பின் ஆக்சில் மேல், பிரேக் பைப் மேல், அந்த வால்வுக் கம்பி மேல் விழுகிறது. காலிப்பர் நகர்வதற்கு இருக்கிற ஆணி துருவில் இறுகிவிட்டால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும், மறுபக்கம் புதுசாகவே இருக்கும். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். கடற்கரையில் ஓட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஆயிலை மாற்றாமல் இருப்பது நியாயமா?

"லோடு இறக்கியதும் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவு" என்று சொல்லாத ஆள் இல்லை. நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் ஊர் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவின கதைதான். நான் லோடு எடுக்கும் இறங்குதளத்தில் ஐஸ் மிஷின் இருக்கிறது, ஏலக் கூடம் இருக்கிறது, வாசலில் ரசீது போட ஆள் இருக்கிறது, வண்டி கழுவ ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் இல்லை. ரோட்டில் மீன் தண்ணி சிந்தினால் மட்டும் எங்களுக்கு அபராதம். காவிரிக் குடிநீர் வருகிற நாளில் ஒரு குடத்தை வண்டிக்கு ஊற்றினால் அம்மா வாசலில் நின்று, "குடிக்கவே தண்ணி இல்ல, இதுக்குக் குளியலாக்கும்" என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. இப்போது தூத்துக்குடியில் காசு கொடுத்து வாட்டர் சர்வீஸ் விட்டுத்தான் திரும்புகிறேன். அந்தக் காசை எந்த வியாபாரியும் வாடகையில் சேர்த்துத் தருவதில்லை. பட்டையை எடுத்த பிறகு "நீ பெட்டி கம்மியா ஏத்துறே" என்று ஒருவர் வேறு வண்டிக்குப் போயும்விட்டார். போகட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி சும்மா நிற்கும் என்றால் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். உப்புக்காற்றில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இந்தப் பிரேக் வேலைக்கெல்லாம் ஏற்ற நேரமும் அதுதான்.

நீங்கள் இப்போதைக்குக் காலிப்பர் வாங்க வேண்டாம். நல்ல மெக்கானிக்கை வைத்துப் பின் டிரம் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். முன் பேடு தேய்ந்து, பின் லைனிங் அப்படியே இருந்தால் வால்வையும் கம்பியையும் பாருங்கள். முன்னால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பர் ஆணியைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் வைத்து மாட்டச் சொல்லுங்கள். இரண்டும் இல்லை, பைப், ஹோஸ், ஆயில் எல்லாம் சரி, அப்படியும் பிடிக்கவில்லை என்றால் வண்டி எந்த வருட மாடல், பட்டை கூட்டியிருக்கிறீர்களா, எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்பதை எழுதுங்கள். காக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன். எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்பதை மட்டும் உண்மையாக எழுதுங்கள்.