கேட்டார்கள், சொல்கிறேன்: நூலகம் போட்ட இதயம்

கேள்வி: எங்கள் நூலகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் வாரம் நாலு புத்தக அட்டையைப் போடுகிறார்கள். "நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்" என்று கீழே எழுதினேன். ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இதற்கு எதற்குப் பக்கம்? (ஓய்வுபெற்ற டீச்சர், டர்பன்)

பதில்: டீச்சர், கோபம் நியாயம்தான், இதயத்தை வைத்துக்கொண்டு யார் என்ன படிப்பது. ஆனால் நானும் பல வருஷம் நூலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவள், அதனால் அவர்கள் பக்கமும் கொஞ்சம் தெரியும். "நல்ல புத்தகம்" என்று கேட்பது மளிகைக் கடையில் போய் "ருசியா ஏதாவது குடுங்க" என்பது மாதிரி, அவர் புளியை எடுப்பாரா வெல்லத்தை எடுப்பாரா? சியாட்டிலில் நான்சி பேர்ல் என்று ஒரு நூலகர், புத்தகத்துக்குள் நுழைய நாலு வாசல் உண்டு என்பார்: கதை, மனிதர்கள், இடம், மொழிநடை. உங்களுக்கு எது வாசல் என்று சொன்னால்தான் அவர்களால் கதவைத் திறக்க முடியும். இப்படி எழுதிப் பாருங்கள்: "கூட்டுக்குடும்பக் கதை பிடிக்கும், மெதுவாகப் போனாலும் சரி, கொலை வேண்டாம், எழுத்து பெரிதாக இருக்கணும்." இதற்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு யாராலும் நகர முடியாது.

அவர்கள் பக்கத்துத் தப்பும் உண்டு. அட்டையைப் போடுவார்கள், நூலகத்தில் இருப்பதோ ஒரே பிரதி, முதலில் வந்தவர் எடுத்துப் போன பிறகு மற்றவர்களுக்குப் படம்தான் மிச்சம். கெட்டிக்கார நூலகம் என்றால் "இது வெளியே போயிருந்தால் இதைப் படியுங்கள்" என்று அதே சாயலில் இன்னும் ரெண்டு புத்தகத்தைச் சேர்த்துப் போடும். "வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து" என்று 1931-லேயே விதி எழுதிவைத்தவர் நம்ம சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். அதை ஃபேஸ்புக்குக்கும் சேர்த்துத்தான் எழுதினார் என்று நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: என் பேத்தி டிக்டாக்கில் பார்த்த புத்தகத்தைத்தான் படிப்பேன் என்கிறாள். இது படிப்பா? (டர்பன் பக்கத்து பீனிக்ஸிலிருந்து ஒரு தாத்தா)

பதில்: படிப்புதான் ஐயா. நியூயார்க் பொது நூலகம் 2018-ல் பழைய நாவல்களையே இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் பக்கம் பக்கமாகப் போட்டது. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போகட்டுமே. அவள் சொல்லும் புத்தகம் உங்கள் கிளையில் இல்லாவிட்டால் வேறு கிளையிலிருந்து வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள், பலர் இதைக் கேட்பதே இல்லை.

கேள்வி: நூலகத்து வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். யார் யாரோ எனக்கு விளம்பரம் அனுப்புகிறார்கள். (டோங்காட் வாசகி)

பதில்: குழுவில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் எண் தெரியும், தொல்லை அங்கிருந்துதான். சேனலாக வைத்தால் மற்ற வாசகர்களுக்கு எண் தெரியாது, அப்படி மாற்றச் சொல்லுங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் சொந்தத் தகவலைக் காக்கும் போப்பியா (POPIA) சட்டம் இருக்கிறது, உங்கள் எண்ணை இஷ்டத்துக்குப் புழங்க முடியாது என்பது நூலகத்துக்கும் தெரியும். அப்புறம் ஒன்று: உறுப்பினர் அட்டை எண்ணையும் ஐடி எண்ணையும் கமென்டில் போடாதீர்கள். "என் புத்தகம் எப்போ திருப்பணும்?" என்று ஐடி எண்ணின் பதின்மூன்று இலக்கத்தையும் எழுதிவைத்த ஒருவரைப் பார்த்து எனக்கே நெஞ்சு பதறியது.

கேள்வி: தமிழ்ப் புத்தகத்தை மட்டும் ஏன் போடுவதே இல்லை? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: பதிவு போடுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் எப்படிப் போடுவார்? அட்டையில் இருப்பது கதையா சமையலா என்றே அவருக்குப் புரியாது. வெறுப்பு ஒன்றும் இல்லை, பயம்தான். தப்பாக எழுதிவிட்டால் நீங்களே போய்த் திட்டுவீர்களே.

அதனால் வேலையை நாம் கொஞ்சம் சுமக்கணும். டூயி எண்ணில், அதாவது பொருளுக்கு ஒரு எண் கொடுத்து, புத்தகத்தை அடுக்கும் நூலகம் என்றால் தமிழ் இலக்கியம் 894.811-ல் இருக்கும், பெரும்பாலும் யாரும் குனியாத கீழ்த்தட்டில். ஒன்றை எடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். எடுக்காத புத்தகத்தைத்தான் நூலகம் கழிக்கும்போது முதலில் கழிக்கும், ஆகவே எடுத்ததற்கு அதில் முத்திரை விழுவது முக்கியம். பிறகு யாருக்கு இது பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் ரெண்டு வரி எழுதி, அட்டைப் படத்தோடு நூலகப் பக்கத்துக்கு அனுப்புங்கள். படமெடுக்கும்போது முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணும் தெரியட்டும், அட்டையைப் படிக்கத் தெரியாதவரும் அந்த எண்ணை வைத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்துவிடுவார்.