அரிசிச் சிப்பமும் அற்பப் புத்தியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாதாமாதம் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஒரு சிப்பம் அரிசி கொடுக்கிறேன். அதை வண்டியிலிருந்து இறக்கும்போதே படமெடுத்து ஸ்டேட்டஸில் போட மனம் அலைகிறது. அற்பப் புத்தி. பௌத்தத்தில் நோக்கம்தான் வினை என்று படித்தேன். அப்படியானால் என் தானம் வீண்தானே? மனம் சுத்தமாகும்வரை நிறுத்திவைக்கலாமா? இதற்குத் தியானச் செயலி ஏதும் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செயலியெல்லாம் உங்கள் விருப்பம். அரிசியை நிறுத்துவதாவது! உங்கள் மனம் வெளுக்கும்வரை அந்தக் கிழவர்கள் பட்டினி கிடக்க வேண்டுமா? சம்பா நகரில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் தானத்தின் பலனைப் பற்றிக் கேட்டபோது, எதையோ எதிர்பார்த்துக் கொடுப்பவனுக்குப் பெரும்பலன் இல்லை என்றுதான் அவர் சொன்னார். கொடுக்காதே என்று சொல்லவில்லை.

கொஞ்ச நாளாக, புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தின் 19ஆவது சூத்திரம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞானம் அடையுமுன் புத்தர் தன் நினைப்புகளை இரண்டாகப் பிரித்தாராம். ஆசை, பகை, கொடுமை ஒரு பக்கம். அவை அற்றவை மறுபக்கம். ஆசை தலைகாட்டினால், 'சீ, நானா இப்படி?' என்று புலம்பவில்லை. 'இது என்னையும் வருத்தும், பிறரையும் வருத்தும்' என்று பார்த்தார், அடங்கிவிட்டது. மழைக்காலத்தின் கடைசி மாதம் பயிர் நெருங்கி நிற்கும்போது, மேய்ப்பவன் கோலால் தட்டி மாடுகளைத் திருப்புவதை அதற்கு உவமை சொல்கிறார். மாடு பயிரில் வாய் வைத்தால் அடியும் சிறையும் அபராதமும் ஏச்சும் மேய்ப்பவனுக்குத்தானே?

எங்கள் ஊரில் பவுண்டு இருந்தது, பயிர் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கும் பட்டி. எங்கள் சிவப்பி அடுத்தவர் கடலைக்கொடியில் வாய் வைத்த அன்று, அப்பா பணம் கட்டி மீட்டு வந்தார். வழியெல்லாம் எனக்குத்தான் வசவு. சிவப்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயிரைக் கண்டால் மாடு நாக்கை நீட்டத்தான் செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

நீங்களோ மாட்டைத் திருப்பாமல் கோலை உங்கள் முதுகில் போட்டுக்கொள்கிறீர்கள். 'அற்பப் புத்தி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு எரிச்சல். அதுவும் ஒரு ஸ்டேட்டஸ்தான், ஐயா. எனக்கு மட்டும் போட்டது.

அறுவடை முடிந்த கோடையில் மேய்ப்பவன் மரத்தடியில் உட்காரலாம். 'மாடுகள் அங்கே நிற்கின்றன' என்ற நினைவு மட்டும் போதும். உங்களுக்கு இன்னும் பயிர் நிற்கிறது. எதை அடிக்கடி நினைக்கிறோமோ மனம் அந்தப் பக்கம் சாயும் என்பதும் அதே சூத்திரத்தில்தான் வருகிறது. மாதாமாதம் கொடுப்பதை நிறுத்தினால் அது எந்தப் பக்கம் சாயும் என்று நினைக்கிறீர்கள்?

சரி, அடுத்த சிப்பத்தை இறக்கும்போது கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முடியவே இல்லையா, படத்தைப் போட்டுத் தொலையுங்கள். அரிசி போய்ச் சேரட்டும்.