பொட்டலத்தை விடுங்கள், ஸ்டீராய்டைச் சட்டென்று விடாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. முழங்கால் வலிக்கு, ஊருக்கு வண்டியில் வரும் ஒருவரிடம் பத்து மாதமாகப் பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறார். சூரணத்தோடு சின்ன வெள்ளை மாத்திரையும் இருக்கும். அது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து என்று டாக்டர் சொன்னார். முகம் உப்பிவிட்டது, சர்க்கரையும் ஏறிவிட்டது. இன்றே நிறுத்திவிடலாமா? போட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் வலி குறைகிறதே, ஏன்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். காரணம் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு செல்லுக்குள் போய், அங்கே தனக்கென்றே இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் ஏற்பி உட்கருவுக்குள் நுழைந்து டி.என்.ஏ.வில் உட்காரும். மனித உடம்பில் இந்தக் குடும்பத்து ஏற்பிகள் 48 இருக்கின்றன. தைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் இந்த வழியில்தான் வேலை பார்க்கின்றன. ஆனால் ஏற்பி மட்டும் போய் உட்கார்ந்தால் போதாது. கலெக்டர் உத்தரவு வந்தாலும் தாலுகா ஆபீஸில் ஆள் இருந்தால்தானே பட்டா கைக்கு வரும்? இங்கே அந்த ஆட்கள் கூட்டாளிப் புரதங்கள். சில கூட்டாளிகள் டி.என்.ஏ.வின் சுருளைத் தளர்த்தி மரபணுவை வேலை செய்ய விடும். சில இறுக்கி மூடிவிடும். அம்மாவின் மூட்டில் வீக்கத்தைக் கிளப்பும் மரபணுக்கள் மூடுகின்றன. கல்லீரலில் சர்க்கரை தயாரிக்கும் மரபணுக்கள் திறக்கின்றன. வலி குறைந்ததும் சர்க்கரை ஏறியதும் இதே வேலையால்தான். மரபணு திறந்து புதுப் புரதம் உருவாக, பழையது தீர, நேரம் பிடிக்கும். அதனால்தான் அந்தச் சில மணி நேரம்.

இதே ஏற்பி மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் உட்கார்ந்து, உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோனின் மரபணுவை அடக்கிவிடும். பத்து மாதம் சும்மா கிடந்த அட்ரீனல் சுருங்கியிருக்கும். திரும்ப வேலைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் மருந்தை நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது, உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தில் எவ்வளவு ஸ்டீராய்டு என்று யாருக்கும் தெரியாது. அதனால் டாக்டர் அளவு தெரிந்த வேறு ஸ்டீராய்டுக்கு மாற்றி, காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

ஒரு விலக்கு உண்டு. ஆஸ்துமாவுக்கு ஐந்து நாள் என்று டாக்டர் எழுதித் தருவதை, பொதுவாக மூன்று வாரத்துக்குள் முடிவதை, அப்படியே நிறுத்தலாம். இதைச் சொன்னாலே வம்பு. "நானும் ஐந்து நாள்தான் போட்டேன்" என்பார்கள். விசாரித்தால் மாசாமாசம் ஐந்து நாள், சீட்டு இல்லாமல், கடையில் கேட்டு வாங்கியது. அது இந்த விலக்கில் சேராது. உங்கள் அம்மாவும் சேரமாட்டார்.

சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து இது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது; கடையில் முறுக்கு மாதிரி கிடைக்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஒரே நாளில் வலியை நிறுத்துகிறேன் என்று வண்டியில் வருபவர்தான் ஆபத்து. சோதனை, நடவடிக்கை என்று செய்தி வரும். அடுத்த சந்தைக்கு அதே ஆள் அடுத்த ஊரில் நிற்பார். இதை எத்தனை வருஷம் சொல்வது?

மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வருவதானால் காலையிலேயே வாருங்கள், ஓ.பி. சீட்டுக்கே வரிசை நீளம். மிச்சப் பொட்டலத்தைக் குப்பையில் போடாமல் கையோடு எடுத்து வாருங்கள். இடையில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், "பத்து மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.