மோசே என்பது எபிரேயப் பெயரா, எகிப்தியப் பெயரா?

எகிப்தியப் பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். பைபிளின் யாத்திராகமம் 2:10-இல் பார்வோனின் மகள், 'ஜலத்தினின்று எடுத்தேன்' என்று சொல்லி மோசே எனப் பேரிடுகிறாள். எபிரேயத்தில் 'மாஷா' என்றால் வெளியே எடுப்பது. சரி, ஆனால் இலக்கணப்படி 'மோஷே' எடுப்பவன்தான், எடுக்கப்பட்டவன் அல்ல. தவிர, எகிப்து இளவரசி எபிரேயத்திலா பெயர் வைப்பாள்?

எகிப்திய மொழியில் 'மெஸ்' பிறப்பைக் குறிக்கும். துத்மோஸ், அக்மோஸ் என்ற அரசர் பெயர்களின் கடைசியில் நிற்பது அதுதான். முன்னால் இருந்த தெய்வப் பெயர் உதிர்ந்தால் மிச்சம் மோசே. ஒரே ஒரு இடறல்: அதே 'மெஸ்' உள்ள ராமசேஸ் என்ற ஊர்ப்பெயரை எபிரேயம் 'ஸ' ஒலியோடு எழுதுகிறது, மோசேயை 'ஷ' ஒலியோடு.

மோசேயின் அண்ணன் ஆரோனின் பேரன் பினெகாஸ் விஷயத்தில் அவ்வளவு தகராறு இல்லை. 'பா-நெஹெசி', அதாவது நூபியன், எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாக்காரன். எகிப்தில் நன்றாகவே புழங்கிய பெயர்.